வேளாங்கண்ணியில் மாதா காப்பாற்றியது யாரை?

ஆரோக்கியமேரி:
2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்தபோது சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேருந்து நிலையம் வரை தண்ணீர் போச்சு. கோயிலுக்குள் மட்டும் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக்குக் கட்டிய கோயில் என்பதுதான் அதன் வரலாறே. ஆபத்தில் அடைக்கலம் என்று வந்தவர்களை மாதா கைவிடமாட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நாகை செல்வன்:
சகோதரி, அதே நேரம் கடற்கரையில் செத்தவர்கள் யார்? கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர். நேர்த்திக்கடனுக்குக் குழந்தைகுட்டியோடு மாதாவை நம்பித்தானே ரயிலேறி வந்தார்கள்? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினாள் என்றால், வெளியே இருந்தவர்களைக் கைவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

எங்கள் தெருவில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம், ஜெபம் பண்ண வந்த ஒருவர் "விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்த அம்மா சேறு காய்ந்த பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பதிலே பேசவில்லை. உங்கள் சாட்சி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஆரோக்கியமேரி:
அப்படிச் சொன்னது பாவம். மாதாவே சிலுவையடியில் நின்று மகனைப் பறிகொடுத்தவள். அவள் பெயரால் ஒரு தாயை அப்படிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிழைத்தவர்கள் நன்றி சொல்வதே தப்பா? அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் என் சித்தியும் ஒருத்தி.

படகுக்காரன்:
நன்றி சொல்லுங்க அக்கா, யாரும் தடுக்கல. அதைக் கணக்காக்கி, நம்பினவன் பிழைப்பான், செத்தவன் நம்பாதவன்னு போடும்போதுதான் தப்பு. ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாதுன்னு பைபிள்ல 91ஆம் சங்கீதம் சொல்லுதுல்ல? அதே சங்கீதத்தைச் சொல்லித்தான் கோயில் உச்சியில இருந்து குதிக்கச் சொல்லி சாத்தான் இயேசுவைக் கூப்பிட்டான். அவர் குதிக்கல. அதே பைபிள்ல, ராஜா வெச்ச சிலையைக் கும்பிடாததால நெருப்புச் சூளைக்கு முன்னால நின்ன மூணு பேரும் அந்த ராஜாகிட்ட, எங்க கடவுள் காப்பாத்துவார், காப்பாத்தாட்டியும் உன் சிலையைக் கும்பிட மாட்டோம்னாங்க. எனக்குத் தெரிஞ்ச விசுவாசம் அந்த ரெண்டாவது பாதிதான்.

தேவாரப்பித்தன்:
படகுக்காரர் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் "நற்றுணையாவது நமச்சிவாயவே" என்று பாடிக் கரையேறினார். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. காப்பான் என்ற உறுதியையே எடுத்துவிட்டால் முங்குகிறவன் யாரைக் கூப்பிடுவான்?

நாகை செல்வன்:
மனிதர்களைக் கூப்பிடட்டும். புதுச்சேரிப் பக்கம் நல்லவாட்டில் அன்று நடந்தது தெரியுமா? சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ஆரோக்கியமேரி:
அந்தப் போனும் கடவுள் செயல்தான் தம்பி.

நாகை செல்வன்:
அப்போ எங்கள் குப்பத்துக்கு ஏன் அந்தப் போன் வரவில்லை? நம் நாட்டுக்கு ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007இல்தான். அதற்கு முன்பே அமைத்திருக்க வேண்டியவர்களைக் கேட்காமல், கடவுள் சித்தம் என்று எல்லாரையும் தப்பவிடுகிறோம்.

படகுக்காரன்:
அதைக் கேட்கணும், விடக்கூடாது. வானிலை எச்சரிக்கை வந்தா நான் படகு இறக்கமாட்டேன். இறக்குற நாள்ல கடல் தண்ணிய நெத்தியில வெச்சு சிலுவை போட்டுக்குவேன். நடுக்கடல்ல இன்ஜின் நின்னப்போ நான் யாரைக் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும் செல்வன், அதை உங்களுக்கு நிரூபிக்க என்னால முடியாது.

நாகை செல்வன்:
நிரூபிக்கச் சொல்லவில்லை அண்ணே. அந்த அம்மா இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். விசுவாசம் குறைவு என்று சொன்னது தப்பு என்று உங்களில் ஒருவராவது வந்து அவரிடம் சொல்லுங்கள்.

ஆரோக்கியமேரி:
நான் வருகிறேன். தெருவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.