கன்வென்ஷன் என்பதற்கு 'மாநாடு' வேண்டாம் (ராபர்ட் ஸ்மால்ஸ் கட்டுரை தொடர்பாக)

வணக்கம் ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

'கான்ஸ்டிடியூஷனல் கன்வென்ஷன்' என்பதற்கு 'அரசமைப்பு மாநாடு' போதும் என்று எழுதியிருந்தீர்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் பற்றிய என் கட்டுரையில் நானும் முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். வரைவை வாசித்த என் தங்கை, "இது எந்தக் கட்சியோட மாநாடு?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மாநாடு என்றால் நமக்குப் பந்தல், கொடி, தீர்மானம், ராத்திரி ஊர் திரும்பும் வேன்கள். அங்கே போடும் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஸ்மால்ஸ் உட்கார்ந்திருந்த அவை ஒரு மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தையே எழுதியது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1839ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தின் பியூஃபர்ட் ஊரில், எசமான் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிலில் அடிமையாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். தெருவிளக்கு ஏற்றி, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கி, கப்பல் பாய் தைத்து, கடைசியில் கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் அளவுக்கு அந்தக் கடற்பகுதியைக் கற்றுக்கொண்டார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியும் முன்னே, 'பிளான்டர்' என்ற தெற்குப் படையின் கப்பலில் வெள்ளை அதிகாரிகள் இல்லாத நேரம் பார்த்து, மனைவி பிள்ளைகளையும் சக அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு, கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டியபடி கப்பலைக் கிளப்பினார். தெற்குப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய ஊதல் சைகையைச் சரியாகக் கொடுத்தார், கோட்டையில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அப்புறம் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கொடியாக ஏற்றி வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்.

இந்தக் கப்பல் கதை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் அதற்குப் பிந்தைய அரசியல்தான், நம் கலைச்சொல் சிக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்து, கறுப்பின ஆண்களும் வாக்களித்து, 1868ல் புதிய அரசமைப்பு எழுத ஓர் அவை சார்ல்ஸ்டனில் கூடியது. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர், ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். எல்லோருக்கும் கட்டணமில்லாத பொதுப்பள்ளி வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே அந்த மாநிலத்தில் முன்பு குற்றம். அதே வருடம் மாநிலக் கீழவைக்கும், 1870ல் மேலவைக்கும் போனார், 1875 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1877ல், மேலவையில் இருந்தபோது லஞ்சம் வாங்கினார் என்ற வழக்கில் தண்டனை, 1879ல் ஆளுநர் மன்னிப்பு. இதையும் கட்டுரையில் சேர்த்திருக்கிறேன், மறைக்கக் கூடாது.

1895ல் இன்னொரு அவை கூடியது. பென் டில்மன் என்ற அரசியல்வாதியின் தலைமையிலான வெள்ளையர் அணி கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதற்காகவே கூட்டியது அது. 160 பேரில் ஆறு பேர்தான் கறுப்பினத்தவர். எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனை போட்டு வாக்காளரை வடிகட்டும் அந்த அரசமைப்பை எதிர்த்து ஸ்மால்ஸ் பேசினார், முடிவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இதை 'மாநாட்டில் கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதிப் பாருங்கள் ஐயா, ஏதோ கட்சிக்குள் கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. சொந்த மண்ணில் தன் மக்களின் உரிமையை 1868ல் எழுதிவைத்த மனிதர், இருபத்தேழு வருடம் கழித்து அதே வகை அவையில் உட்கார்ந்து அது அழிக்கப்படுவதைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும், அந்தச் சொல்லில் அவையின் அதிகாரமும் தெரிய வேண்டும்.

'அரசியல் நிர்ணய சபை' எல்லோருக்கும் தெரிந்த சொல், பொருளும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கேட்டவுடன் 1946ல் கூடிய டில்லி அவைதான் நினைவுக்கு வருகிறது, மாநிலத்துக்கென்று தனி அரசமைப்பு உண்டு என்பதே நம் வாசகருக்குப் புதிது. இன்னொரு மடலில் வந்த 'அரசமைப்புப் பேரவை' அழகாக இருக்கிறது, ஆனால் இலங்கையில் 'அரசியலமைப்புப் பேரவை' என்பது உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் வேறொரு அமைப்பின் பெயர், குழப்பம் வரும். 'வரைவு அவை' என்றால் எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று படுகிறது. தென் கரோலினாவின் 1895 அரசமைப்பு மக்கள் வாக்கெடுப்புக்கே போகவில்லை, அவை முடிவெடுத்தது, அதுவே சட்டமானது.

அதனால் என் பரிந்துரை: அரசமைப்பாக்க அவை. ஆக்குவது என்ற வினை உள்ளே இருக்கிறது, சொல்லவும் எளிது. 'டெலிகேட்' என்பதற்குப் 'பேராளர்' மறுபடி மாநாட்டு வாடை அடிக்கிறது, மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் என்பதால் 'உறுப்பினர்' போதும்.

'ஸ்டேட் செனட்டர்' என்பதை மாநில மேலவை உறுப்பினர் என்றே வைக்கிறேன். வெறும் 'செனட்டர்' என்றால் வாஷிங்டன் என்று எடுத்துக்கொள்வார்கள், ஸ்மால்ஸ் அந்த செனட்டுக்குப் போனதே இல்லை. ஒரே சங்கடம், 1986ல் கலைக்கப்பட்ட நம் மேலவையில் பட்டதாரி தொகுதி, ஆசிரியர் தொகுதி, நியமனம் எல்லாம் இருந்தன. தென் கரோலினாவிலோ மேலவை உறுப்பினர்களை மாவட்ட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் சரி.

'அரசமைப்பாக்க அவை' பற்றி மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா. குறிப்பாக ஈழத்து நண்பர்கள் அங்கே வேறு சொல் புழங்குகிறதா என்று சொன்னால் நல்லது. திங்கட்கிழமை கட்டுரையில் ஆறு இடத்திலும் மாற்றிவிடுகிறேன்.