நகத்தில் குறுக்கே கோடு: வலி மாத்திரையாலா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தறிக்காரன்:

பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கை கழுவும்போதுதான் கவனித்தேன். பத்து விரலிலும் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம். நூலைக் கட்டி இறுக்கி எடுத்த மாதிரி, எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். நகத்தை வருடினால் விரல் அங்கே தட்டுகிறது.

தீபாவளி முடிந்த கையோடு எனக்குச் சிக்குன்குனியா. நாலு நாள் 103 டிகிரி. காய்ச்சல் போன பிறகும் மணிக்கட்டும் கணுக்காலும் விடவில்லை. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு டாக்டர் அசிக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தார். மார்கழி பாதிவரை அதுதான் ஓட்டியது. அதனால் நகத்தைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் ஒரே தீர்ப்பு: அந்த வலி மாத்திரைதான்.

தோல் டாக்டர் விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஸ்கேலை எடுத்தார். நகக்கண்ணிலிருந்து, அதாவது நகம் தோலைவிட்டு வெளியே வரும் அடியிலிருந்து, பள்ளம் வரை 6 மில்லிமீட்டர். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளருமாம். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் கொஞ்சத்தையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால், காய்ச்சல் அடித்த வாரத்தில் போய் நின்றது. கடும் காய்ச்சலில் உடம்பு நகம் வளர்ப்பதைச் சில நாள் நிறுத்தி வைத்துவிடும், அந்த இடைவெளிதான் பள்ளமாகத் தெரிகிறது என்றார். 'போஸ் லைன்' என்று பெயராம். போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846-லேயே எழுதி வைத்த சமாச்சாரம்.

கணக்கைவிட என்னை நம்பவைத்தது இன்னொன்று. காய்ச்சலுக்கு அப்புறமும் ஆறேழு வாரம் மாத்திரை உள்ளே போனது. அந்த வாரங்களில் வளர்ந்த நகம், அதாவது பள்ளத்துக்கும் நகக்கண்ணுக்கும் நடுவே இருப்பது, வழவழவென்று இருக்கிறது. மாத்திரையின் வேலை என்றால் அதுவும் கெட்டிருக்க வேண்டுமே?

உங்களில் யாருக்காவது மாத்திரையாலேயே நகம் மாறியிருக்கிறதா?

கண்ணாடிவளையல்:

எங்கள் அம்மாவுக்கு மாத்திரைதான் காரணம், ஆனால் சுற்றி வளைத்து.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்குவார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இப்படியே ரெண்டு வருஷம். நகம் மெலிந்து, ஓரங்கள் மேலே தூக்கி, நடுவில் குழி விழுந்தது. பாத்திரம் கழுவி வந்தால் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உருளாமல் அப்படியே நிற்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றதையும் பழக்கம் என்றே விட்டுவிட்டோம்.

மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹீமோகுளோபின் 6.8. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். போகிறதாம், பல மாதமாக! எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். எண்டாஸ்கோபியில் இரைப்பையில் புண். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, இரும்புச்சத்து தீர்ந்து, அதன் பிறகு நகம் குழிந்திருக்கிறது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்திப் புண்ணுக்கு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். அரிசி தின்பது ஒரு மாதத்துக்குள் நின்றுபோனது. நகம் நிமிர ஆறு மாதம் ஆனது.

அரைக்கால்டவுசர்:

எனக்கு ஒரே ஒரு விரலில்தான் கோடு. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. கிரைண்டர் குழவி விழுந்தது. 😀

பழையசைக்கிள்:

நானும் மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். விரல் மூட்டு வலிக்கு மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் நகமெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடிப் புள்ளி. ரெண்டு நகம் நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டது. பூஞ்சை என்று ஒருவர் களிம்பு கொடுத்தார், நாலு மாதம் தடவியது வீண்.

மூட்டு டாக்டரிடம் போனால், அவர் நகத்தைப் பார்த்த கையோடு தலைமுடியை விலக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். வருஷக்கணக்கில் பொடுகு என்று நான் சொறிந்துகொண்டிருந்தது சொரியாசிஸ். மூட்டுவலியும் அதன் வேலைதான், நகப்புள்ளியும் அதன் வேலைதான். மாத்திரை இடையில் வந்து மாட்டிக்கொண்டது.

மருந்துக்கடைபெஞ்சு:

இருபது வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன். வலி மாத்திரை நேரடியாக நகத்தைத் தொட்டதே இல்லையா என்றால், உண்டு. பெனாக்ஸாப்ரோஃபென் என்று ஒன்று இருந்தது. சாப்பிட்டுவிட்டு வெயிலில் போனால் தோல் எரியும், சிலருக்கு நகம் சதையை விட்டுப் பிரிந்தே போகும். கல்லீரல் கெட்டு முதியவர்கள் இறந்ததால் 1982-ல் அதை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது வெயிலும் மாத்திரையும் சேர்ந்து நகம் தூக்குவதை நான் பார்ப்பது டாக்ஸிசைக்ளினில்தான். அது ஆன்டிபயாடிக், வலி மாத்திரை இல்லை. ரெண்டும் ஒரே கவரில் போவதால் பழி மட்டும் வலி மாத்திரைக்கு வந்துவிடும்.

நான் பயப்படுவது கண்ணாடிவளையல் சொன்ன மாதிரி ஆட்களைத்தான். "போன தடவை வாங்கினேனே, அந்த மஞ்சள் அட்டை" என்று கேட்பார்கள். சீட்டு கேட்டால் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார்கள்.

தறிக்காரன்:

சித்திரை பிறந்தாயிற்று, ஒரு தகவல். நடுவிரலில் கோடு எப்போதோ நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போனது. கட்டைவிரல்தான் கடைசிவரை இழுத்தது. இன்றைக்குக் காலை நகவெட்டியை வைத்ததும் பள்ளத்தோடு சேர்த்து ஒரே துண்டாக எகிறி விழுந்தது. கண்ணாடிவளையல் எழுதியதைப் படித்த அன்றே ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன், ஹீமோகுளோபின் 13.9. மணிக்கட்டு மட்டும் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் இன்னும் லேசாகக் குடைகிறது.