பேசுவது என்னோடா, என் பாணனோடா?

எட்டாம்நம்பர் கேட்டது:

வயது 27. ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பி கடையில் வேலை. வீடு நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் நம்பர் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. யாராவது "எந்த ஊர்?" என்றால் "ஹட்டன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். கடையிலும் பக்கத்துக்கு எவ்வளவு என்பதைத் தாண்டி வாய் திறந்ததில்லை.

போன வருஷம், கணக்கு டியூசன் எடுக்கும் ஒரு அக்கா சில தாள்களைக் கொப்பி எடுக்க வந்தார். பலம், லாவகம், அறிவு என்று ஆறு கட்டங்கள். என்ன பாடம் என்று கேட்டேன். "பாடம் இல்ல தம்பி, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க" என்றார். 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேச வேண்டும். பேச வேண்டும் என்றதுமே எழுந்து போயிருப்பேன். வெளியே மழை.

பாத்திரம் செய்வது பலிக்குமா என்று பார்க்க 20 பக்க டைஸ் உருட்ட வேண்டும். எங்களிடம் அது கிடையாது. 20 புளியங்கொட்டையில் நம்பர் எழுதிப் பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். எடுத்த கொட்டையைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்குப் பிசகிவிடும்.

பாத்திரத்தின் ஆறு குணங்களுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களைப் பிரித்துப் போட வேண்டும். நான் எடுத்தது பாணன். தாத்தா காமன் கூத்துக்குத் தப்படித்தவர், அதனால் என் பாணன் கையிலும் தப்பு மேளம். (இதையும் வெளியே சொன்னதில்லை.) ஆளை வசப்படுத்தும் குணத்துக்கு, கரிஸ்மா என்பார்கள், 8 போட்டேன்.

"பாணனுக்கு மந்திரமே இதுலதான் வருது. ஏன் 8?"

"எனக்கு அவ்வளவுதான் அக்கா."

அவர் ஒன்றும் பேசவில்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 15 என்று எழுதினார். அந்த 8 இன்னும் தாளில் மங்கலாகத் தெரிகிறது.

மூன்றாவது வாரம் ஒரு பாலம் வந்தது. காவல்காரன் வரி கேட்கிறான். "முதல்ல என்ன பேசுறீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் கொட்டை எடுங்க" என்றார் அக்கா. எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நான் எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்தவன். இந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தவள் என் பாட்டி. கூடைக் கயிறு பதிந்த தடம் அவள் நெற்றியில் சாகும்வரை இருந்தது. என்னிடமே வரியா?" மேசையில் சத்தமே இல்லை. காவல்காரன் மசிய 15 வேண்டும். கொட்டையில் 11 வந்தது. கரிஸ்மா 15 என்பதால் அதோடு 2, பேச்சுத் தேர்ச்சிக்கு இன்னொரு 2. சரியாக 15. சமமாக வந்தால் போதும்.

எங்கள் குழுவில் ஒருவர் மூக்காயி என்ற குள்ளர் இனத்துப் போர்வீராங்கனையாக விளையாடுகிறார். பெயர் அவருடைய அப்பாயியுடையதாம். அன்று பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வந்து, "எங்க தோட்டத்துல நம்பரே கிடையாது. மேல் லயம், கீழ் லயம்தான்" என்றார். தலவாக்கலைப் பக்கம்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் ஆளாகிவிட்டேன். போன மாதம் முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்டேன். கூட்டவில்லை. ஆனால் கேட்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மூக்காயி பாணனோடு சிரிக்கிறார், சண்டை வந்தால் பாணனுக்கு முன்னால் நிற்கிறார். அவருக்குப் பிடித்திருப்பது என்னையா, பாணனையா? விளையாட்டுக்குள்ளேயே பாணன் வாயால் சொல்லிவிடலாமா?

கண்டிமேசை:

வேண்டாம் தம்பி. நான் ஆறு வருஷமாகக் கதை நடத்துகிறேன். சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்காயி என்ன பதில் சொன்னாலும் அது கதைக்காகச் சொன்னதா என்று உங்களுக்கே தெரியாது. பிடிக்கவில்லை என்றால் அவர் நழுவிப் போகவும் வழியில்லை. பாத்திரத்தின் உணர்ச்சி ஆளுக்குள் கசிவதற்கு விளையாடுகிறவர்கள் 'ப்ளீட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு சகஜம். இன்னொன்று, உங்கள் மேசையில் எக்ஸ் கார்டு உண்டா? ஜான் ஸ்டவ்ரோபோலோஸ் உருவாக்கியது. ஒரு அட்டையில் எக்ஸ் போட்டு நடுவில் வைப்பது. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அக்காவிடம் சொல்லுங்கள்.

பதுளைக்காரி:

2020 ஊரடங்கில் போனிலேயே விளையாடிய குழு எங்களுடையது. கதை நடத்தியவர் இரண்டாவது வாரமே என் மந்திரவாதியைக் கொன்றார். நான் உண்மையாகவே அழுதேன். அன்றிரவு தனியாக மெசேஜ் வந்தது: "மன்னிச்சிடுங்க, டைஸ் அப்படி விழுந்திருச்சு." பாத்திரம் செத்த பிறகும் அவர் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். இப்போது என் வீட்டுக்காரர். (டைஸ் விஷயத்தை இன்னும் நான் நம்பவில்லை.) உங்களவர் விளையாட்டு இல்லாத புதன்கிழமையில் பேசுகிறாரா? அதைப் பாருங்கள். அப்புறம், மேல் லயம் கீழ் லயம் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னது மூக்காயி இல்லையே!

பீலிக்கரை:

காமன் கூத்தில் இரண்டு மாசி ரதி வேஷம் கட்டியவன் நான், இப்போது வயது 61. கூத்து முடிந்து விடிந்ததும் பீலித் தண்ணீரில் முகம் கழுவுவோம். அரிதாரம் லேசில் போகாது, காது மடலில் ஒட்டிக்கொண்டே நிற்கும். அப்படி நின்று தேத்தண்ணி குடிக்கும்போது, "காதுல இன்னும் இருக்கு" என்று சொல்லிச் சிரித்த பிள்ளைதான் இன்றைக்கு என் வீட்டில் இருக்கிறாள். ராத்திரி முழுக்க ரதியைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். முகம் கழுவிய பிறகு யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள் தம்பி. தாத்தா தப்படித்ததை ஏன் அடைப்புக்குள் போட்டீர்கள்? அவர் அடிக்காமல் நான் எப்படி ஆடியிருப்பேன்?

எட்டாம்நம்பர்:

பதுளை அக்கா புதன்கிழமை என்று சொன்னபோதுதான் உறைத்தது. அவர் மாதத்தில் இரண்டு புதன் கடைக்கு வருகிறார், ஒரே ஒரு பக்கம் கொப்பி எடுக்க. தலவாக்கலையில் கொப்பி கடையே இல்லையா என்ன!

இன்றைக்கும் வந்தார். கொட்டை, பாணன் எதுவும் இல்லாமல் சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. அவர் கொப்பியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். "எங்க வீட்டு அக்காவுக்கு இப்பதான் மாப்பிள்ளை பார்க்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார். காசு வேண்டாம் என்றேன். 20 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, "சம்பளம் கூட்டாத கடையில ஓசி வேறயா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.