வீடு திரும்பிய அம்மா மீண்டும் மருத்துவமனையில் சேராமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். இதயச் செயலிழப்பும் சர்க்கரை நோயும் உள்ள என் அம்மா, மருத்துவமனையில் நீர் வற்றி, மூச்சு சீராகி வீட்டுக்கு வருகிறார். சில வாரங்களிலேயே கால் வீங்கி, இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கும் நிலை வந்து, மீண்டும் சேர்க்க வேண்டியதாகிறது. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவதால், பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்கிறார். செவிலியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தால் இது நிற்குமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர், ஃபீனிக்ஸ்)

வணக்கம் தங்கச்சி. செவிலியர் எப்போது வருகிறார், வந்து எதைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது. வீடு திரும்பிய முதல் வாரத்துக்குள் ஒருவர் வந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் மேசையில் பரப்பி, டிஸ்சார்ஜ் கடிதத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் லேசிக்ஸ் என்றும் இன்னொன்றில் ஃபியூரோசமைடு என்றும் உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஒரே மருந்து இருக்கும். இரண்டையும் விழுங்குபவரும் உண்டு, குழம்பிப்போய் இரண்டையுமே விட்டுவிடுபவரும் உண்டு. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய இபுபுரூஃபென் இருந்தால் அதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், வீக்கம் தெரியும்வரை காத்திராமல் அன்றே கிளினிக்கை அணுக வேண்டும். ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சூப் ஆகிய மூன்றையும் நிறுத்துவது அம்மாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் நிறுத்துங்கள்.

பதில் 2 (பொது சுகாதாரத் துறை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

செவிலியர் அக்கா சொன்னதற்கு ஆய்வுச் சான்று உண்டு. இதயச் செயலிழப்புள்ள முதியோரிடம் அமெரிக்காவில் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், செவிலியர் தலைமையில் கல்வி, உணவு ஆலோசனை, மருந்துச் சீராய்வு, தொடர் கவனிப்பு ஆகியவை சேர்த்து வழங்கப்பட்டபோது மறுசேர்க்கை குறைந்தது. ஆனால் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனைக்கு வரும் 800 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கே சென்று உதவிய குழுவில் 62.3 விழுக்காட்டினரும் அந்த உதவி பெறாத குழுவில் 61.7 விழுக்காட்டினரும் 180 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அவர்களில் பலருக்குப் பல நோய்களோடு வீடு, வருமானம் போன்ற சிக்கல்களும் இருந்தன. ஆகவே யாரோ ஒருவர் வந்து போவதற்காக மட்டும் பணம் செலவிட வேண்டாம். மருந்தின் அளவை உரிய நேரத்தில் மாற்றித் தரக்கூடிய மருத்துவரோடு அந்தச் செவிலியருக்குத் தொடர்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பதில் 3 (சாட்ஸ்வொர்த்)

பணம் கொடுத்து ஆள் தேடுவதற்கு முன், உங்கள் கிளினிக்கில் சமுதாயப் பராமரிப்பாளர்களைப் பற்றி விசாரியுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் நகராட்சி வார்டு அளவில் வீடுகளுக்குச் செல்லும் அவர்களின் குழுக்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவர்கள் வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, "எடை ஏறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அழைக்க வேண்டிய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, எடை குறிக்கும் தாளின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.