ஒயிட் ஆல்பத்தில் ‘ரெவல்யூஷன் 9’ இருந்தால் யார் குடி முழுகிப் போயிற்று?

ஊசிமுனை:
இங்கிலாந்து ராக் குழு பீட்டில்ஸின் ஒயிட் ஆல்பம் ஒரு மூட்டையாம். ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ நாலு பேரும் கையில் கிடைத்ததை எல்லாம் திணித்துக் கட்டினார்களாம். பாதியை வெட்டி எறிந்திருக்கலாமாம். நேற்று ஒருவர் இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவரே வருவார். 1968 நவம்பர் 22 அன்று வெளியான இரட்டை இசைத்தட்டு, 30 பாட்டு. ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ என்ற அலறல் பாட்டைப் போட்ட அதே கைதான் ‘ஹனி பை’ என்ற பழைய பாணிப் பாட்டையும் போட்டது. இந்தத் தைரியம் வேறு எந்த ராக் குழுவுக்கு இருந்தது?

கத்திரிக்கோல்:
வந்துவிட்டேன் சார், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஒரே தட்டாகச் சுருக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னது நான் மட்டும் இல்லை, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொன்னார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா? ஒரே கேள்விதான். ‘ரெவல்யூஷன் 9’ஐ நடுவில் தாண்டாமல் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

ஊசிமுனை:
போன வாரம்கூடக் கேட்டேன். மார்ட்டின் சொன்னதைத் தூக்கிப்பிடிக்கிறீர்களே, அதற்கு பால் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். இது பீட்டில்ஸின் ஒயிட் ஆல்பமய்யா, பேசாமல் இருங்கள் என்ற தொனியில் ஒரே போடாகப் போட்டார்.

நாலாம் பக்கத்தை ஒருமுறை ஒழுங்காகக் கேளுங்கள். ‘க்ரை பேபி க்ரை’ முடிந்ததும் தலைப்பே இல்லாத ஒரு துண்டை பால் பாடுவார். அடுத்து ‘ரெவல்யூஷன் 9’: ‘நம்பர் நைன், நம்பர் நைன்’ என்று ஒரு குரல். பிறகு 8 நிமிடம் 22 விநாடிக்கு ஒலிநாடாத் துணுக்குகள், வாத்தியக் கிழிசல்கள், கூட்டத்தின் கத்தல். அது ஓய்ந்த கையோடு ‘குட் நைட்’: வயலின்கள் எழும், ரிங்கோ தாலாட்டுவார். அந்த 8 நிமிடத்தை எடுத்துவிட்டால் ‘குட் நைட்’ வெறும் இனிப்பு. இதைத்தான் நீங்கள் வெட்டச் சொல்கிறீர்கள்.

சும்மா வந்தவன்:
முதலில் எதைப் பாட்டு என்கிறோம், எதை ஆல்பம் என்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே?

கத்திரிக்கோல்:
‘ரெவல்யூஷன் 9’இல் பாலும் இல்லை, ரிங்கோவும் இல்லை. பால் அப்போது அமெரிக்காவில் இருந்தார். ஜான், ஜார்ஜ், ஜானின் காதலி யோகோ மூவரும் சேர்ந்து செய்த வேலை அது. அது எப்படி பீட்டில்ஸ் ஆகும்?

ஊசிமுனை:
அடடா, என்ன கண்டுபிடிப்பு! ‘பிளாக்பேர்ட்’ பாட்டில் பால் மட்டும்தான் இருக்கிறார், கூடக் கேட்கும் தட்டல்கூட அவர் கால்தான். ‘ஜூலியா’வில் ஜான் மட்டும். இரண்டையும் வெட்டிவிடலாமா? 1965-இல் வந்த ‘யெஸ்டர்டே’யில் பாலைத் தவிர மற்ற மூவரும் எங்கே? நாலு வயலின் வகையறாக்காரர்கள்தானே இருக்கிறார்கள்! அதையும் பீட்டில்ஸ் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ரிங்கோ ரசிகன்:
மூவரும் எங்கே என்று கேட்கிறீர்கள், சரி. ரிங்கோவை வெறுப்பேற்றி அனுப்பியது யார்? 1968 ஆகஸ்டில் டிரம்ஸ்கார மனுஷன் மனம் நொந்து குழுவை விட்டே போய்விட்டார். அந்த இடைவெளியில் ‘பேக் இன் தி யூ.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் ப்ரூடென்ஸ்’ இரண்டுக்கும் பாலே டிரம்ஸ் வாசித்தார். திரும்பி வந்தபோது டிரம்ஸைச் சுற்றிப் பூவாக அலங்கரித்து வைத்தார்களாம். பூ வைத்தால் சரியாகிவிடுமா? ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று கத்துகிறாரே, அந்தக் குரலுக்கு மரியாதை கொடுங்கள்.

மோனோ மட்டும்:
மோனோ பதிப்பில், அதாவது ஒற்றை ஒலித்தடப் பதிப்பில், அந்தக் கத்தலே கிடையாது. பாட்டு முன்னாடியே முடிந்துவிடும். ஸ்டீரியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ரிங்கோ ரசிகன்:
கத்தல் இல்லாத பதிப்பை வைத்துக்கொண்டு இதில் பெருமை வேறா அண்ணே?

மோனோ மட்டும்:
‘டோன்ட் பாஸ் மீ பை’ மோனோவில் வேகமாக ஓடும். உங்கள் ரிங்கோ தனியாக எழுதி வெளிவந்த முதல் பாட்டு அது. அதையே சரியான வேகத்தில் கேட்காதவர் ரசிகன் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்.

ரிங்கோ ரசிகன்:
வேகமாக ஓடுவதுதான் சரியான வேகம் என்று உங்களிடம் யார் சொன்னது?

ஊசிமுனை:
உங்கள் மோனோ பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்கோலார் நழுவப் பார்க்கிறார். பிங்க் ஃபிளாய்ட் என்ற இன்னொரு ராக் குழுவின் ‘அம்மகம்மா’ ஆல்பத்தைப் பற்றி இவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தது எனக்கு மறக்கவில்லை. 1969-இல் வந்த இரட்டைத் தட்டு அது. அதன் ஸ்டூடியோ தட்டில் நால்வருக்கும் ஆளுக்குப் பாதிப் பக்கம். அவரவர் சரக்கை அவரவர் தனியே ஏற்றினார்கள். அங்கே அது பரிசோதனையாம், இங்கே மட்டும் மூட்டையாம்.

கத்திரிக்கோல்:
அந்தப் பழைய பகையை இன்னும் விடவில்லையா? அவர்கள் ஒளிக்காமல் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இவர்கள் சேர்ந்திருப்பதுபோல் பாவனை காட்டினார்கள். வெள்ளை அட்டை போட்டு, பிரதிக்குப் பிரதி எண் அச்சடித்தால் உள்ளே இருப்பது ஒன்றாகிவிடுமா? மறுபடியும் கேட்கிறேன், ‘ரெவல்யூஷன் 9’ எதற்கு?

ஊசிமுனை:
பாவனையா? ‘லாங் லாங் லாங்’ முடிவைக் கேளுங்கள். ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. பால் ஆர்கனில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டதும் அது கடகடவென்று அதிர்ந்தது. ரிங்கோ அதோடு சேர்ந்து டிரம்ஸை உருட்ட, ஜார்ஜ் குரலால் முனக, அதை அப்படியே பாட்டில் விட்டார்கள். ஒருவரையொருவர் கேட்காதவர்களுக்கு இது வராது.

கத்திரிக்கோல்:
ஜான் எங்கே அதில்? அந்தப் பாட்டில் அவர் இல்லவே இல்லை.

ஊசிமுனை:
நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! வெட்டு வெட்டு என்கிறீர்களே, உங்கள் ஒரே தட்டுப் பட்டியலைப் போடுங்கள் பார்ப்போம்.

கத்திரிக்கோல்:
தாராளமாக. பேக் இன் தி யூ.எஸ்.எஸ்.ஆர்., டியர் ப்ரூடென்ஸ், வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ், ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன், பிளாக்பேர்ட், யெர் ப்ளூஸ், ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர், ஜூலியா, ஹே ஜூட்...

ஊசிமுனை:
ஹே ஜூட் இந்த ஆல்பத்திலேயே இல்லை ஐயா! ஆகஸ்டிலேயே தனித் தட்டாக வந்துவிட்டது. அப்புறம் அந்த ‘வைல் மை கிட்டார்’ சோலோ கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன் வாசித்தது. வெளியாள் ஆயிற்றே, உங்கள் சட்டப்படி அதைச் சேர்க்கலாமா?

கத்திரிக்கோல்:
ஹே ஜூட் இல்லை என்று தெரியும். இருந்திருக்க வேண்டும் என்கிறேன். ‘ரெவல்யூஷன் 9’ போன இடத்தில் வசதியாக உட்காரும், ஒரு நிமிடம் மிச்சம்கூட இருக்கும்.

மோனோ மட்டும்:
ஹே ஜூட்டை எதில் கேட்டீர்கள், மோனோவிலா ஸ்டீரியோவிலா?