சூவர்ட் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெண்கொக்கு:
போன ஜூலையில் நானும் அக்காவும் அலாஸ்காவின் சூவர்ட் ஊரில் மூன்று நாள் தங்கினோம். ஆங்கரேஜிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். திமிங்கலம் பார்க்கத்தான் கிளம்பினோம். ஆனால் ஊர் திரும்பியும் கண்ணைவிட்டுப் போகாதது, எக்ஸிட் பனியாற்றுக்குப் போகும் வழியில் நட்டிருக்கும் ஆண்டுப் பலகைகள்தான்.

சாலையோரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. 1917 என்று ஒன்று, அப்புறம் 1926, 1951. அந்த வருஷம் பனியாற்றின் முனை அங்கே இருந்தது என்று அர்த்தம். 1951 பலகையருகே நின்றால் கூழாங்கல்லும் ஆல்டர் புதரும்தான் தெரிகின்றன. மேலே நடந்து 2010 பலகைக்கும் போனோம். பனி அங்கும் இல்லை, இன்னும் உயரத்தில் பாறை மேல் ஒடுங்கிக் கிடந்தது. அக்கா வெகு நேரம் பேசவே இல்லை. 1968இல் ஹார்டிங் பனிவெளியை முதன்முதலில் கடந்தவர்கள் இந்த வழியாக வெளியே வந்ததால்தான் எக்ஸிட் என்ற பெயராம்.

ஊருக்குள் கடற்கரையில் இப்போது பூங்காவும் கூடாரம் போடும் இடமும் இருக்கின்றன. நிதானமாக நடங்கள் அங்கே. 1964 மார்ச் 27, புனித வெள்ளி மாலை, 9.2 அளவு நிலநடுக்கம். நாலரை நிமிஷம் போல ஆடியது. துறைமுகம் இருந்த கரை அப்படியே சரிந்து கடலுக்குள் போய்விட்டது. எண்ணெய்த் தொட்டிகள் வெடித்து, எரியும் எண்ணெய் தண்ணீர் மேல் பரவ, அலை அந்த நெருப்பையும் சுமந்துகொண்டு ஊருக்குள் வந்தது. படகுத்துறையைப் பிறகு விரிகுடாவின் வடமுனையில் புதிதாகக் கட்டினார்கள். நாம் படகு ஏறுவது அங்கிருந்துதான்.

தெற்குச்சன்னல்:
படகுப் பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரிசரெக்‌ஷன் விரிகுடாவுக்குள் இருக்கும் வரை கடல் அமைதிதான். முனை தாண்டினால் ஆட்டம் பலம். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

துறையை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிஷம் ஒரு கடல் நீர்நாய். மல்லாந்து மிதந்தபடி வயிற்றின் மேல் குட்டியை வைத்துக்கொண்டு அதன் ரோமத்தை நக்கிக்கொண்டிருந்தது. திமிங்கலத்துக்கு இருப்பதுபோல் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இதற்குக் கிடையாது. குளிரைத் தாங்க அந்த அடர்ந்த ரோமம் மட்டுமே. அதனால்தான் ஓயாமல் கோதிக்கொண்டே இருக்கிறது. 1989இல் பக்கத்துக் கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் கொட்டியபோது நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தது ஏன் என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ரோமத்தில் எண்ணெய் ஒட்டினால் குளிர் உள்ளே இறங்கிவிடும்.

ஐயாலிக் பனியாற்றின் முன் படகை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள். எதிரே நீலச் சுவர். ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அது தண்ணீரைத் தொட்டு நுரை எழும்பிய பிறகுதான் இடி முழக்கம் வந்து சேர்ந்தது. நாங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது.

மழைக்காகிதம்:
எங்களுக்கு இரண்டு நாளும் மழை, படகு போகவில்லை. அலாஸ்கா சீலைஃப் சென்டரில் பஃபின் பறவைகளைப் பார்த்தோம். தண்ணீருக்குள் சிறகடித்துப் பறப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். அந்த எண்ணெய்க் கசிவு இழப்பீட்டுப் பணத்தின் உதவியோடு கட்டி 1998இல் திறந்த இடம் அது. அடிபட்ட கடல் விலங்குகளுக்கு மருத்துவமும் செய்கிறார்கள்.

இன்னொன்று. நீலத்தில் சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும் உள்ள அலாஸ்கா கொடியை 1927இல் வரைந்தவன் பென்னி பென்சன், இந்த ஊரின் ஜெஸ்ஸி லீ விடுதியில் வளர்ந்த பள்ளிச் சிறுவன். மழை விட்ட பிறகு அந்தக் கொடி பறக்கிற கம்பத்தைத் தேடிப் போய்ப் பார்த்தோம்.