2013 அக்குவா எடுக்கலாமோ, விற்ஸ் போதுமோ?

கொடிகாமம்:
கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால நாளாந்தம் வேலைக்கு ஓட ஒரு கார் வேணும். 2013 டொயோட்டா அக்குவா ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேந்து ஓடுறது) ஒண்டும், அதைவிட விலை குறைவா 1000 சிசி பெற்றோல் விற்ஸ் ஒண்டும் பாத்து வச்சிருக்கு. ஹைபிரிட் பற்றரி போனால் மிச்சம் பிடிச்ச காசு முழுக்க அதுக்கே போகும் எண்டு சொல்லினம். வாங்க முதல் எதைச் சோதிக்கவேணும்?

இணுவில்:
முதல்ல ஓடப்போற வீதியை யோசியுங்கோ. பிரேக் பிடிக்கேக்க வீணாப்போற சக்தியை மோட்டர் மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பும், சிக்னலில எஞ்சின் நிக்கும். ஹைபிரிட்டின்ர பெரிய லாபம் இதுதான். கொழும்பு நெரிசலில இது நல்லாத் தெரியும். ஏ9ல 70இல ஒரே சீராப் போனால் பிரேக்குக்கு வேலையில்லை, எஞ்சின்தான் இழுக்கும். அந்த ஓட்டத்துக்கு விற்ஸ் போதும். கெட்டுப்போற சாமானும் குறைவு.

மானிப்பாய்:
இணுவில் அண்ணை சொன்னதில பாதியைத்தான் ஏற்கலாம். அக்குவாவின்ர 1.5 லீற்றர் எஞ்சின் அற்கின்சன் முறையில ஓடுறது, அதாவது எரிஞ்ச வாயுவைக் கூட விரியவிட்டு அதில இருந்து கூட வேலை எடுக்கிற முறை. அந்த விரிவு விகிதம் 13.4. அதே எஞ்சினின்ர சாதாரண வகையில 10.5தான். அதனால நெடுவீதியிலயும் அது எரிபொருளைச் சிக்கனமாத்தான் குடிக்கும். ஆனால் ஜப்பான் சோதனையில லீற்றருக்கு எண்டு சொன்ன 35.4 கிலோமீற்றரை நம்பிக் கணக்குப் போடாதேங்கோ, 20ஐ ஒட்டிப் போடுங்கோ.

பற்றரிதான் விஷயம். 2020 மார்ச்சில இருந்து 2025 வரைக்கும் கார் இறக்குமதி நிண்டதால இங்க ஓடுற அக்குவா நிறைய வயசு போனது. மீற்றரைப் பாத்து முடிவெடுக்கேலாது. காரின்ர கணினியில செருகிற ஓபிடி2 புளூடூத் கருவியும், அது வாசிக்கிறதை ஃபோனில காட்டுற டொக்டர் பிரியஸ் செயலியும் கொண்டு போங்கோ. இருபது நிமிசம் ஓடிச் சூடாக்கிப்போட்டு, அழுத்தி வேகமெடுக்கேக்கயும் பிரேக் பிடிக்கேக்கயும் பற்றரிக்குள்ள ஒவ்வொரு புளொக்கின்ர (சேத்து இணைச்ச செல் கூட்டத்தின்ர) வோல்ற்றைப் பாருங்கோ. எல்லாம் 0.3 வோல்ற்றுக்குள்ள சேந்து ஏறி இறங்கினால் நல்லது. ஒண்டு மட்டும் 1 வோல்ற்றுக்கு மேல விழுந்தால் உள்ளுக்க ஒரு செல் செத்துப்போச்சு. ஹைபிரிட் பற்றரி பழுது எண்டு கார்க் கணினி பதியிற பி0ஏ80 எண்ட பிழைக் குறியை அழிச்சுப்போட்டு விக்கிறவையும் இருக்கினம், அதால குறி இல்லை எண்டு நம்பி வாங்காதேங்கோ. திரையில பற்றரி சார்ஜ் அளவைக் காட்டுற பட்டை சில நிமிசத்தில நிறைஞ்சு உடன வடியுதோ எண்டும் பாருங்கோ.

இணுவில்:
"பற்றரி மாத்தினது" எண்டு சொன்னால் முழுசா மாத்தினதோ, ஒரு மொட்யூலோ (பற்றரியில ஒரு துண்டோ) எண்டு கட்டாயம் கேளுங்கோ. அக்குவாவில 7.2 வோல்ற் மொட்யூல் 20, தொடரா இணைஞ்சு 144 வோல்ற். எல்லாத்துக்குள்ளாலயும் ஒரே மின்னோட்டம்தான் போகும். பழைய 19க்கு நடுவில ஒண்டை மாத்தினால், மிச்சத்தில கொள்ளளவு குறைஞ்சது முதல்ல வெறுமையாகிச் சாகும். சில மாதத்தில திரும்பவும் பற்றரி எச்சரிக்கை லைற் எரியும். மொட்யூலை இணைக்கிற செப்புப் பட்டியில பச்சை படிஞ்சாலும் வோல்ற் பிழையாக் காட்டும், சுரண்டித் துடைச்சால் சிலவேளை அதோட சரி. ஆனால் அதை நீங்கள் திறக்கவேண்டாம். பற்றரி மின்சாரத்தைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிசம் பொறுத்து, 1000 வோல்ற் தாங்குற கையுறை போட்டுத்தான் உயர் வோல்ற் போற செம்மஞ்சள் வயர்களைத் தொடவேணும்.

சுன்னாகம்:
பற்றரியைக் கொல்லுறது சூடு. அதுக்குக் காத்து பின் சீற்றுப் பக்கத்து வாயாலதான் போகும். அந்த வாயை அடைச்சுப் பை, துணி வைக்கக்கூடாது. எங்கட செம்மண் தூசியும் சீற்று நூலும் சேந்து ஃபான் இறகில கம்பளி மாதிரிப் படியும். வருசத்துக்கு ஒருக்கா ஃபானைக் கழட்டித் துடையுங்கோ. பின் சீற்றில இருக்கேக்க ஃபான் இரையிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் தூசியைச் சந்தேகியுங்கோ. நெரிசலில கியரை என்-இல (நியூட்ரலில) விட்டு ஏசி போடவும் கூடாது, என்-இல பற்றரி சார்ஜ் ஆகாது.

பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திற இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் இருக்கு. அதையும் பாருங்கோ, எஞ்சின் கூலன்ற் மட்டும் பாத்துக்கொண்டு வாறது போதாது. கார் ஸ்ராட்டாகி 'ரெடி' லைற் எரிஞ்சு நிக்கேக்க அந்தத் தொட்டியில தண்ணி அலையாடவேணும். அசையாமல் கிடந்தால் பம்ப் வேலை செய்யேல்லை.

மானிப்பாய்:
இன்னொண்டு. கார் ரெடிக்கு வராமல் எல்லா லைற்றும் மினுங்கினால், ஹைபிரிட் பற்றரி போச்சு எண்டு கராஜில சொன்னாலும் முதல்ல 12 வோல்ற் சின்னப் பற்றரியை அளவுங்கோ. ஓய்வில 12.6 காட்டவேணும். 12க்குக் கீழ போனால் வேற எதையும் தொட முதல் அதைச் சார்ஜ் போட்டுப் பாருங்கோ, பிடிக்காட்டில் மாத்துங்கோ. அது காருக்குள்ள இருக்கிறதால பற்றரி வாயு வெளியேற குழாய் உள்ள வகைதான் போடவேணும், சாதாரணமானது வேண்டாம்.